தெருவுக்குள் வந்த படகு

ஒரே நாள் மழையில் கேளம்பாக்கத்தில் எங்கள் தெரு மூழ்கியபோது, மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு மீனவர் தன் பைபர் படகை லாரியில் ஏற்றி வந்தார். உப்பில் வெளுத்த தாடி அவருக்கு.

"செருப்பக் கழட்டிட்டு ஏறு அண்ணாத்த. எங்களுக்குச் சோறு போடுற சாமி இது" என்றார். நடக்க முடியாத என் மனைவியை அவரே தூக்கி உட்காரவைத்தார்.

வழியில் தண்ணீருக்குள் மறைந்திருந்த கேட்டுக் கம்பி படகின் அடியில் குத்தி ஓட்டை போட்டுவிட்டது. ஒரு கணம் அவர் முகம் செத்துப்போனது.

"கடல்ல பாறை எங்க கீதுன்னு தெரியும். இங்க எவன் வூட்டு கேட்டு எங்க கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்?" என்று சிரித்தார்.

மேட்டில் எங்களை இறக்கிவிட்டு, ஓட்டையில் தன் துண்டைத் திணித்தார்.

"இதோட கடலுக்கு எப்படிப் போவீங்க?" தயங்கித்தான் கேட்டேன்.

"அத்த அப்பால பாத்துக்கலாம். மாடில ஒரு புள்ளத்தாச்சி கூப்ட்டுகினு கீது" என்று படகைத் திருப்பினார்.

இப்போதும் மீன் வாங்கும்போதெல்லாம், அந்தப் படகு மறுபடி கடலுக்குப் போயிருக்குமா என்றுதான் நினைக்கிறேன்.