தவக்காலத்தில் கருகிய சிலிக்கா

புரதமும் ஆப்பச் சோடா மாதிரிதான் என்று முதலில் நம்பியிருந்தேன். இரண்டு மடங்கு போட்டால் ஓட்டையும் இரண்டு மடங்கு பெரிதாகும். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் எம்.ஃபில். படித்தபோது, இதை மற்றவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன்.

என் ஆய்வு இதுதான். மணலின் சத்தான சிலிக்காவைக் கூழாக்கி, அது உறைவதற்குள் புரதத்தைக் கலக்க வேண்டும். காய்ந்ததைப் பொடித்து உலையில் சுட்டால் புரதம் எரிந்துபோகும். அது இருந்த இடம் கண்ணுக்குத் தெரியாத துளையாக நிற்கும். புரதத்துக்கு நான் அலையவில்லை. உடன் படித்த பேகம்பூர் நண்பன் வீட்டில் தோல் வியாபாரம். அவன் கொண்டுவந்த தோல் துண்டுகளைக் கொதிக்கவைத்துப் புரதப் பசை எடுத்தேன். மூன்று கிண்ணங்கள் தயார்: பசை இல்லாதது, ஒரு பங்கு, இரண்டு பங்கு.

சுட வேண்டிய நாள் தவக்கால வெள்ளிக்கிழமையாக வாய்த்தது. கல்லூரியோ பாதிரியார்கள் நடத்துவது; அன்று அங்கே இறைச்சி வாடையே ஆகாது. உலை சூடேறியதும் ஆட்டுத்தலை வாட்டுகிற வாசம் வராந்தா முழுக்கப் பரவியது. ஒருசந்தி நோன்பு பிடித்துக் காலையிலிருந்து பட்டினியாக இருந்த ஆய்வக உதவியாளர் எட்டிப் பார்த்தார்.

"ஏப்பு, ஒருசந்தி நாளும் அதுவுமா என்ன கறி வெஞ்சனம் வேகுது?"

அடுத்து ஃபாதர் வந்து கேட்டால்? உலையின் பின்புறப் புகைத் துவாரத்தைக் தீப்பிடிக்காத கல்நார்த் துணியால் அடைத்தேன். கதவு இடுக்கையும் விடவில்லை. வாசம் அடங்கியது. என் புத்திசாலித்தனத்தை மெச்சி எனக்கு நானே ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

சாயங்காலம் திறந்தால், பசை போட்ட இரண்டும் அடுப்புக்கரி. போடாதது மட்டும் வெள்ளையாக இருந்து என்னைக் கேலி செய்தது. திங்கட்கிழமை மூன்றையும் துளை அளக்கச் சென்னைக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் கருவி மறுபடி எப்போது கிடைக்கும் என்று தெரியாது, பட்டமும் அதோடு தொங்கும். பதற்றத்தில் கரிப்பொடியைக் குழாயடியில் அலச ஆரம்பித்தேன்.

"சோப்பும் போடுறியா மாப்ள?" என்றான் நண்பன்.

துவாரத்தை அடைத்த கதையை அப்போதுதான் அவனிடமும் உதவியாளரிடமும் ஒப்புக்கொண்டேன். உதவியாளர் துணியை உருவி என் கையில் கொடுத்தார்.

"ஓட்டை போடுற படிப்பு படிச்சிட்டு, இருந்த ஒத்த ஓட்டையவும் அடைச்சுட்டியேப்பு. காத்து இல்லாம என்னத்த எரியும்?"

மறுநாள் துவாரத்தைத் திறந்துவிட்டு மறுபடி சுட்டோம். பொடி வெள்ளையானது. திங்களன்று சென்னைக்குப் போனது. பசை கலந்ததில் துளைகள் பெரிதாகியிருந்தன. இரண்டு பங்கு கலந்ததில் இன்னும் கொஞ்சம் பெரிது. இரண்டு மடங்கு இல்லை.