முப்பது நாள் விருந்தாளிகள்

லண்டனில் முதல்முறை என் மாமியார் வீட்டுக்குப் போனபோது, கதவைத் திறந்த மனுஷி சிரித்த முகத்தோடு கேட்ட முதல் கேள்வி, "எப்போது திரும்பிப் போகிறீர்கள்?" எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறிவிட்டது. கழற்றிய கோட்டைத் திரும்பவும் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அந்த அப்பாவி மனுஷிக்கு எத்தனை பேருக்கு உருளைக்கிழங்கு அவிப்பது என்றுதான் தெரியவேண்டியிருந்ததாம். என் கணவர் பீற்றர் இதைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் சிரிப்பார். என்னைப்போல இங்கே வந்து சேர்ந்தவர்களுக்கு என் கோபம் விளங்கும். ஊரில், எங்கள் பாலையூற்று வீட்டில் ஒரு மாதமாக நிற்கிற சொந்தக்காரரிடம்கூட அந்தக் கேள்வியை வாய் தவறியும் கேட்கமாட்டோம்.

அப்பா மட்டும் அதைச் சம்பளத்துக்குக் கேட்டவர். திருகோணமலைத் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தார். கப்பலில் வந்திறங்கும் வெள்ளைக்காரரிடம் பாஸ்போட் எங்கே, அம்மை வராமல் அம்மைப்பால் குத்திய அட்டை எங்கே, எத்தனை நாள் நிற்பாய் என்று கேட்பதே அவருடைய வேலை. வீட்டுக்கு வந்தால் அந்தக் கதையே எடுக்கமாட்டார்.

நான் பீற்றரைப் பதிவுத் திருமணம் செய்த பிறகு மூன்று வருஷமாக அப்பா எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. "ஒருக்கா வந்திட்டுப் போங்கோ" என்று அம்மாதான் எழுதிக்கொண்டிருந்தா. துணிந்து வெளிக்கிட்டோம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அம்மைப்பால் அட்டையைப் பார்த்தார்கள், திரும்பிப்போகும் டிக்கெட்டைப் பார்த்தார்கள், தங்கும் விலாசம் கேட்டார்கள், முப்பது நாள் என்று முத்திரை குத்தினார்கள். அதெல்லாம் பெரிய காரியமில்லை. அப்பா இந்த மனுஷனை வீட்டுக்குள் எடுப்பாரா என்பதுதான் ரயில் முழுக்க என் யோசனை.

அம்மா வாசலில் ஆலாத்தி எடுத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனா. அப்பா விறாந்தைக் கதிரையில் இருந்தபடி பீற்றரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், துறைமுகக் கந்தோர்க் குரலில் கேட்டார்.

"பாஸ்போட்டைக் காட்டுங்கள். எத்தனை நாள் நிற்பீர்கள்?"

எனக்கு உயிரே போய்விட்டது. அவ்வளவு ஆங்கிலம் அம்மாவுக்கும் விளங்கும். "இஞ்சேருங்கோ, வந்த மனுஷன் இன்னும் தேத்தண்ணி குடிக்கேல்லை. இதென்ன கேள்வி?" என்றா.

பீற்றருக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. அவருடைய ஊரில் இது நலம் விசாரிப்பதுபோலத்தானே! "முப்பது நாள், சேர்" என்று பாஸ்போட்டைச் சந்தோஷமாக நீட்டினார்.

என்னால் பொறுக்க ஏலவில்லை. "அப்பா, போகச் சொல்லுறதெண்டா நேரே சொல்லுங்கோ. நாங்கள் ஹோட்டலிலை போய் நிக்கிறம்."

"ஆர் உங்களைப் போகச் சொன்னது?" அப்பா முத்திரையில் விரலை வைத்தார். "சல்லி அம்மன் கோயில் பொங்கலுக்கு முன்னம் இவருக்கு நாள் முடியுது. மருமகன் முதல்முதல் வந்திட்டுப் பொங்கல் பாக்காமல் போறதே? கொழும்புக்குப் போய் விசாவை நீட்டவேணும்."

மருமகன் என்றார்! அம்மா குசினிக்குள் ஓடிப்போய் மூக்கைச் சிந்தினா. எனக்கும் அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. அப்பா கையை என் பக்கம் நீட்டினார். என் பாஸ்போட்டையும் கொடுத்தேன். அதே முத்திரையை அதிலும் கண்டார்.

"உனக்கும் முப்பதுதானோ, பிள்ளை?"

"ஓம் அப்பா. இவரைக் கலியாணம் முடிச்சு நானும் இப்ப வெளிநாட்டுக்காரிதானே."

இரண்டையும் ஒன்றாக மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப ரெண்டு பேருக்கும் நீட்டுவம்" என்றார்.

அடுத்த கிழமை மூவரும் கொழும்பில் குடிவரவுக் கந்தோருக்குப் போனோம். அப்பா பழைய கந்தோர்க் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். எங்களுக்குப் பொறுப்பு நிற்பவர் அவர்தான். மேசைக்குப் பின்னால் இருந்த இளம் அதிகாரி மரியாதையான ஆள். பீற்றரின் அலுவலைச் சட்டென்று முடித்துவிட்டு என் பாஸ்போட்டைத் திறந்தார். தலையை நிமிர்த்தாமலே அப்பாவிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"இந்த வெளிநாட்டுப் பெண்ணை உங்களுக்கு எவ்வளவு காலமாகத் தெரியும்?"

கப்பல்காரரிடம் கேள்வி கேட்டே பழகிய அப்பா, எழுந்து நின்று பதில் சொன்னார்.

"பிறந்த நாளிலிருந்து, சேர்."