நான்காம் பக்கத்து நல்ல காலம்

அநியாயம் நடந்தது வேலாயுதம் அண்ணனுக்கு. அவர் வேலை பார்த்த, இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் குடைக்கம்பித் தொழிற்சாலை திறந்துவிட்டதாகவும், தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பிவிட்டதாகவும் எங்கள் வட்டார எம்.எல்.ஏ.வின் மாத அறிக்கையில் ஒரு வரி வந்தது. அந்த வரியைப் படித்துவிட்டு அண்ணன் மகளுக்குக் கொடுத்துவந்த படிப்புச் சம்பளச் சலுகையைப் பள்ளிக்கூடம் நிறுத்திவிட்டது. வேலை மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த வரியை அடித்த விரல்கள் என்னுடையவை.

பிறர் சொல்லச் சொல்ல டைப் அடிப்பது ஒரு விசித்திரமான தொழில்: வாய் அவர்களுடையது, பிழை நம்முடையது. 'மேற்படி விஷயம் தொடர்பாக' என்று அடித்து அடித்து விரல்நுனி காய்த்துப்போன என் சக துன்பவாசிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், பரவாயில்லை.

எதிர்க்கட்சி மேஜை

நான் ஜாதவ்பூரில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். வீடு லேக் கார்டன்ஸ், வங்காளத்துக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பம், அப்பாவுக்கு பாங்க் உத்தியோகம். தேர்தல் முடிந்து நன்றி சொல்ல வீடு வீடாக வந்த எம்.எல்.ஏ. ஹரிபதா பாபு எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டே, "இந்த வட்டாரம் மீண்டு வருகிறது" என்றார். என்ன ஆதாரம் என்று கேட்டேன். அம்மா சமையலறை வாசலிலிருந்து கண்ணால் அடக்கினாள். நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. சண்டை என்று வந்துவிட்டால் எனக்குத் தமிழைவிட வங்காளி நன்றாக வரும். அரை மணி நேரம் போனது. இரண்டாவது காபியும் ஆறிப் போனது.

கிளம்பும்போது, மாத அறிக்கையை இங்கிலீஷில் அடித்துத் தர ஆள் தேவை, வாரம் மூன்று நாள் வந்தால் போதும் என்றார். அப்பா திடுக்கிட்டு, "அவள் எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுவாளே சார்" என்றார். ஹரிபதா பாபு செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அதனால்தான் கூப்பிடுகிறேன், பாங்க் பாபு. எதிர்க்கட்சியில் இருக்க வேண்டிய பெண் என் ஆபீஸ் மேஜையில் இருந்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வரும்."

ஜெனரேட்டர்

அறிக்கை மொத்தம் நான்கு பக்கம். முதல் பக்கம் அவர் படம். இரண்டும் மூன்றும் அந்த மாதம் செய்த பணிகள். நான்காம் பக்கத்துக்குத் தலைப்பு 'வட்டார மீட்சியின் அறிகுறிகள்'. இந்த அறிகுறிகளைத் தேடித் தெருத்தெருவாக அலைவது நிமாய்தாவின் வேலை. ஹரிபதா பாபுவின் உதவியாளர், நல்ல மனுஷர், கண்ணில் பட்டதெல்லாம் அவருக்கு மீட்சி. காளிகாட்டில் மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளம் மீட்சி. அதில் விழுந்தவருக்குக் கட்டுப்போட்ட புது டிஸ்பென்சரியும் மீட்சி.

ஒரு மாதம், 'கடைத்தெருவில் ஏழு கடைக்காரர்கள் ஜெனரேட்டர் வாங்கியிருக்கிறார்கள், வியாபாரம் செழிக்கிறது' என்று எழுதிக் கொண்டுவந்தார். தினமும் ஆறு மணி நேரம் லோட்ஷெடிங், இதில் செழிப்பு எங்கே என்று கேட்டேன். "கையில் காசில்லாமல் ஜெனரேட்டர் வாங்குவார்களா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். வாருங்கள், வாங்கினவரையே கேட்போம் என்று பலசரக்குக்கடை மணி மாமாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். மாமா அப்பளக் கட்டை எடுத்து வைத்தபடியே கேட்டார்: "கரண்ட் ஒழுங்கா வந்தா நான் எதுக்குடீ இந்தச் சனியனை வாங்கறேன்? என் வேஷ்டி கிழிஞ்சு தைக்கக் கொடுத்தா, தையக்காரனுக்கு நல்ல காலம்னு அதையும் ஒரு வரி போட்டுப்பேளா?"

குழாய் மாஷிமா

மனு வாங்கும் நாளில் தவறாமல் வருகிற, நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் வயதான அம்மா ஒருவர் உண்டு. தெருமுனைக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒரே மனு, மாதாமாதம். நாங்கள் அதை வாங்கி, முத்திரை குத்தி, கார்ப்பரேஷனுக்கு அனுப்புவோம். 'குடிநீர் தொடர்பாக நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி ஏறும். அடுத்த மாதம் அதே மனு, அதே முத்திரை, புது வரி.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் அவரை உட்கார வைத்து, உங்கள் மனுவைக் காட்டியே இவர்கள் பணி செய்ததாக எழுதிக்கொள்கிறார்கள், ஹரிபதா பாபு முகத்துக்கு நேரே நன்றாகக் கேளுங்கள் என்று தூண்டிவிட்டேன். மாஷிமா வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, உள்ளே இருந்தவருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "எனக்குத் தண்ணி வந்துட்டா அவன் அறிக்கையில ஒரு வரி குறையுமே, பாவம். நான்தானேம்மா அவனுக்குச் சோறு போடறேன்!"

கிச்சுரி சாட்சி

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் குடைக்கம்பித் தொழிற்சாலையில் முதலாளி கதவடைப்புச் செய்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் விஸ்வகர்மா பூஜையன்று மட்டும் கேட்டைத் திறப்பார்கள். மெஷினுக்குப் பூஜை செய்யாமல் விட்டால் முதலாளிக்கும் பயம், தொழிலாளிக்கும் பயம். அன்றைக்கு எல்லோரும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே போய், துரு துடைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டுவிட்டு வருவார்கள்.

ஹரிபதா பாபுவையும் பூஜைக்கு அழைத்திருந்தார்கள். நிமாய்தா கூடப் போனார். திறந்த கேட்டைப் பார்த்தார், உள்ளே அறுபது பேரைப் பார்த்தார், பளபளக்கிற மெஷின்களைப் பார்த்தார். மாதக் கடைசியில் 'தொழிற்சாலை திறந்தது, தொழிலாளர் திரும்பினர்' என்று சொல்லி என்னை அடிக்கச் சொன்னார். பள்ளத்துக்கும் ஜெனரேட்டருக்கும் மல்லுக்கு நின்ற நான் இதற்கு ஒரே ஒரு தடவைதான் "நிஜமாவா?" என்று கேட்டேன். வேலாயுதம் அண்ணன் எங்கள் தெருவுக்குப் பின்தெரு. அந்த ஒரு வரி மட்டும் நிஜமாக இருக்கட்டும் என்று எனக்கே ஆசை. விஸ்வகர்மா பூஜையன்று வங்காளத்தில் ஒருவரும் மெஷினை ஓட்ட மாட்டார்கள் என்பது இந்த ஊரிலேயே பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நிமிஷம் அது ஞாபகத்துக்கு வரவில்லை. நிமாய்தா நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "என் கண்ணால பார்த்தேன், உள்ளே உட்கார்ந்து பிரசாதக் கிச்சுரியே சாப்பிட்டேன், இதைவிட என்ன சாட்சி வேணும் உனக்கு?"

எந்த ஷிப்ட்?

துர்கா பூஜை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம், வேலாயுதம் அண்ணன் மகள் செல்வியுடன் ஆபீஸுக்கு வந்தார். செல்வி பத்தாவது. பூட்டிய தொழிற்சாலைக்காரர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளியில் சம்பளம் கட்ட வேண்டியதில்லை. தலைமையாசிரியை எங்கள் அறிக்கையைப் பார்த்துவிட்டுச் செல்வியின் பெயரை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். இத்தனை மாதச் சம்பளத்தையும் சேர்த்துக் கட்டாவிட்டால் பரீட்சைப் படிவத்தை அனுப்ப முடியாது, தொழிற்சாலை திறந்திருக்கிறதா பூட்டியிருக்கிறதா என்று எம்.எல்.ஏ.விடமிருந்து எழுத்தில் பதில் வேண்டும், சனிக்கிழமை கடைசி நாள் என்றும் சொல்லிவிட்டார்.

செல்வி என்னை நேராகப் பார்த்தாள். "நீங்கதான் அடிச்சீங்களாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அண்ணன் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னார்: "எனக்கே தெரியாம எனக்கு வேலை கிடைச்சிருக்கு, தங்கச்சி. எந்த ஷிப்டுக்கு வரணும்னு மட்டும் உங்க எம்.எல்.ஏ. கிட்டக் கேட்டுச் சொல்லிடுங்க."

ஏழைப் பெண்

ஹரிபதா பாபு கெட்டவரில்லை. அதுதான் தொந்தரவே. விஷயத்தைக் கேட்டதும், "ஐயோ, குழந்தை படிப்பு நிற்கக் கூடாது" என்று பதறினார். ஆனால் அறிக்கை தப்பு என்று எழுத மாட்டாராம். அது மேலிடம்வரை போய்விட்டதாம், நல்ல பெயரும் வாங்கிவிட்டதாம். அதனால், 'இவள் மிகவும் ஏழைப் பெண், கருணை காட்டுங்கள்' என்று தலைமையாசிரியைக்கு ஒரு சீட்டு தருகிறேன், வேலை முடிந்துவிடும் என்றார். என் பக்கம் திரும்பி, "அடி, மா" என்றார்.

நான் தாளைச் சொருகவில்லை. வேலாயுதம் அண்ணன் எழுந்து நின்றார். இருபது வருஷம் கம்பி வளைத்த கை. அதை மேஜைமேல் ஊன்றி, உடைந்த வங்காளியில், ஆனால் ஒரு சொல்லும் தடுமாறாமல் சொன்னார்: "இவ ஏழைன்னு எழுதாதீங்க, பாபு. தொழிற்சாலை பூட்டியிருக்குன்னு எழுதுங்க. முதல்ல சொன்னது கருணை, ரெண்டாவது சொன்னதுதான் நெசம்."

கதவடைப்பு

அவர்கள் போனதும் நான் டைப்ரைட்டர் மூடியைப் போட்டுப் பூட்டினேன். சாவியை வங்காளிப் பெண்கள் மாதிரி முந்தானையில் முடிந்து தோளில் வீசிக்கொண்டேன். ஹரிபதா பாபு முறைத்தார். "இது ஆபீஸ் மெஷின்" என்றார். "தொழிற்சாலையும் முதலாளியோடதுதானே? கதவடைப்புச் செய்யும் உரிமை அவருக்கு மட்டும்தானா?" என்றேன். நிமாய்தா மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

"இப்போதே என்னோடு வாருங்கள். கேட் திறந்திருந்தால் ஒரு வருஷம் சம்பளம் இல்லாமல் அடிக்கிறேன். வாயையே திறக்க மாட்டேன்" என்றேன். "வாயைத் திறக்க மாட்டாயா?" என்று கேட்டுக்கொண்டே ஹரிபதா பாபு செருப்பைத் தேட ஆரம்பித்தார். நடுமத்தியானம், மூன்று பேரும் ரயில் பாதையைத் தாண்டினோம். கேட்டில் கை கனத்துக்குப் பூட்டு. கம்பி வழியாகப் பார்த்தால் மெஷின்மேல் பூஜைக்குப் போட்ட சாமந்தி மாலை காய்ந்து சருகாகத் தொங்கியது. ஒரு மாதமாக அந்தச் சக்கரம் அரைச் சுற்றுகூடச் சுற்றவில்லை என்பதற்கு அந்த மாலையே போதும். ஹரிபதா பாபு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டைக் காக்கும் தர்வானைக் கூப்பிட்டு, கொஞ்சம் திறக்க முடியுமா என்று கேட்டார். பீகார்க்கார தர்வான் பெரிய சலாம் போட்டுவிட்டுச் சொன்னார்: "வருஷத்துக்கு ஒரு நாள்தான் சாவி என் கைக்கு வரும், ஹுஜூர். அடுத்த விஸ்வகர்மா பூஜைக்கு வாங்க, உங்களுக்காகக் காலையிலேயே திறந்து வைக்கிறேன்."

பதில்

திரும்பி வந்து ஆபீஸில் உட்கார்ந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை மேஜையில் வைத்தேன். ஹரிபதா பாபு அதைத் தொடவில்லை. "மெஷின் கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார். எழுதி முடித்து, படித்துப் பார்க்கும்படி என்னிடம்தான் நீட்டினார். ஒரு சொல்லுக்குக்கூட ஆட்சேபம் சொல்ல முடியாமல் போனது எனக்கே அதிசயம். அந்தத் தாளோடு வெள்ளிக்கிழமை நான் செல்வி கூடப் போனேன். தலைமையாசிரியை இரண்டு தடவை படித்துவிட்டுப் பட்டியலை எடுத்து, நீக்கியிருந்த பெயரை மறுபடி எழுதினார். படிவம் அன்றைக்கே போனது. அடுத்த மாத அறிக்கையின் நான்காம் பக்கத்திலும் அவர் எழுதிய அதே வரிகளைத்தான் போட்டோம், 'மீட்சியின் அறிகுறிகள்' என்ற தலைப்பை மாற்றாமலே: "தொழிற்சாலை திறந்தது பூஜைக்கு, வேலைக்கு அல்ல. அது இன்றும் பூட்டியே இருக்கிறது. திறந்ததாகச் சொன்னது என் பிழை, அதற்கான தண்டனையை இந்த மாணவிக்குக் கொடுக்க வேண்டாம்."

ஆறு மாதத்தில் அந்த ஆபீஸிலிருந்து போன தாள்களில் சொன்ன வேலையை நிஜமாகச் செய்தது அவர் கையால் எழுதிய அந்த ஒரே தாள்தான், அதையும் நான் அடிக்கவில்லை.