வேண்டா பேசிய பகுதி

துர்காதேவிக்கு அந்த இணையதளத்தைக் காட்டிக்கொடுத்தவள் நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

செங்கல்பட்டில் எங்கள் தொண்டு நிறுவனத்தில் அவளும் நானும் அடுத்தடுத்த மேசை. மீனவ ஊர்களோடு நாங்கள் நடத்தும் வெபினார்களின் பதிவைக் கேட்டு, பேசியதைப் பேசியபடியே தட்டச்சு செய்வதுதான் ஐந்து வருடமாக அவள் வேலை. ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஒரு முழு நாள் பிடிக்கும். இருமலைக்கூட விடமாட்டாள். "இன்னாத்துக்குடி இதெல்லாம்?" என்றால், "அவங்க பேசுனதை வெட்டறதுக்கு நான் யாரு?" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

போன ஆடியில் அவளுக்குக் காதில் சீழ் வைத்துவிட்டது. ஹெட்போன் மாட்ட முடியவில்லை. கடப்பாக்கத்தில் கருவாடு காயவைக்கும் மணலை வேலி போட்டுப் பூங்காவாக்க அரசு திட்டம் போட்டிருந்தது. அந்த ஊரோடு நடத்திய வெபினாரில் பேசியதை எழுதி, ஆட்சேபமாக மறுநாளுக்குள் அனுப்பியாக வேண்டும். அதுதான் கடைசித் தேதி. "இதுல ஏத்திவுட்டா அதுவே எழுதிக் குடுக்கும்டி, காசே கேக்காது" என்று தளத்தைத் திறந்து வைத்தேன். பத்து நிமிடத்தில் பதினோரு பக்கம் வந்து விழுந்தது. பிழைகளைத் திருத்தினாள். கடைசி வரியில் ஊர்த் தலைவர் பக்தவத்சலம் நன்றி சொல்லியிருந்தார். அனுப்பிவிட்டாள்.

அந்தக் கரையில் ஆண்கள் பேசி, தலைவர் நன்றி சொல்லி முடித்த பிறகுதான் பெண்கள் வாயைத் திறப்பார்கள். ஐந்து வருடம் கேட்டுத் தட்டியவளுக்கு இது தெரியாதா? தெரியும். அன்றைக்கு வலியில் மறந்துபோனாள். இலவசமாக முப்பது நிமிடம் வரைக்கும்தான் எழுதித் தரும் என்று பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. தலைவரின் நன்றியும் முப்பதாவது நிமிடமும் ஒன்றாக வந்து தொலைத்தன. ஆண்கள் பேசியது முழுக்கப் படகு நிறுத்தும் இடம் பற்றி. மணலைப் பற்றிப் பேசியது பெண்கள் மட்டும்; அது எழுத்தில் வரவேயில்லை.

மூன்று மாதத்தில் உத்தரவு வந்தது. படகுகளுக்கு இடம் கிடைத்தது. கருவாட்டு மணல் குறித்து ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்று எழுதியிருந்தார்கள். அன்றுதான் துர்கா பதிவை முழுதாகக் கேட்டாள். கேட்டுவிட்டுக் கழிப்பறைக்குள் போய் அழுதாள். மறுபடி மனு கொடுத்தோம். தேதி முடிந்துவிட்டது என்று திருப்பிவிட்டார்கள்.

நேரில் போய்ச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது என்று கிளம்பினாள். நானும் போனேன். மணலில் வேலிக்கம்பி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே இருபது வருடமாகக் கருவாடு போடுகிற வேண்டா, காலிக் கூடையோடு நின்றிருந்தார். துர்கா ஒன்றையும் மறைக்கவில்லை. என் பெயரையும் இழுக்கவில்லை.

"ஒரே போனு, பதினாலு பொம்பளைங்க. இன்னா சொல்லணும்னு மூணு நாளா பேசி வச்சிகினு வந்தோம்," என்றார் வேண்டா. பிறகு, "நான் இன்னா சொன்னேன்னு இப்பவாச்சும் கேட்டியாம்மா?"

"கேட்டேங்க்கா. மொத்தமும் எழுதிட்டேன்." துர்கா பையிலிருந்து தாள்களை எடுத்து நீட்டினாள்.

"எனக்கு எங்க படிக்கத் தெரியும்? நீயே படி."

இருவரும் மணலில் உட்கார்ந்தார்கள். துர்கா அரைப்பக்கம் படித்திருப்பாள். கம்பி இறக்கியவர்களில் ஒருவர் வந்து, "இங்க உக்காரக் கூடாதும்மா, அந்தாண்ட போங்க," என்றார்.

மூன்று பேரும் தார்ச்சாலை ஓரத்துக்குப் போனோம். விட்ட வரியிலிருந்து துர்கா நின்றபடியே படித்தாள்.