மத்தியதரைக் கடலோரம் ஒரு பகல் ஷிப்ட்

"இவர் உயிரோடுதான் இருக்கிறாரா?"

போன மாதம் நீஸ் கடற்கரையில் ஒரு பிரெஞ்சு அம்மணி என் மனைவி சாந்தியிடம் இப்படிக் கேட்டாராம். கேட்டாராம் என்றுதான் சொல்ல முடியும். நான் அப்போது நல்ல நித்திரை. நீஸில் மணல் கிடையாது, முழுக்கக் கல். அந்தக் கல்லின் மேல், மதியம் இரண்டு மணி வெயிலில், வாயைப் பிளந்தபடி...

என்னைத் திட்டுவதற்கு முன் குடும்ப நிலவரத்தைக் கேளுங்கள். ஒரு பார்சல் கிடங்கில் எனக்கு இருபத்திரண்டு வருஷமாக நைட் ஷிப்ட். சாந்திக்கு முதியோர் இல்லம் ஒன்றில் காலையிலிருந்து இரவு எட்டு மணி வரை வேலை. பிள்ளைகளோடு யாராவது ஒருவர் வீட்டில் இருக்கவேண்டும் என்று செய்த ஏற்பாடு இது. பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கும் போய்விட்டார்கள். ஏற்பாடு மட்டும் அப்படியே இருந்தது. காலை ஏழு மணிக்கு, லண்டனில் எங்கள் நோர்பரி வீட்டு வாசலில் நான் உள்ளே, அவள் வெளியே. இரவு அவள் வந்து சேருமுன்பே நான் வேலைக்குக் கிளம்பியிருப்பேன். மிச்சமெல்லாம் ஃபிரிட்ஜில் ஒட்டிய துண்டுக் கடதாசியில். "கறி இருக்கு, சூடாக்குங்கோ." "பொய்லர் திருத்துறவன் வருவான்."

சண்டையே போடாத சோடி என்று சொந்தக்காரர்கள் மெச்சுவார்கள். சண்டை போட இரண்டு பேரும் சந்திக்க வேண்டாமா?

இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு மகள்தான் இந்தப் பயணத்தை ஒழுங்கு செய்து தந்தாள். நீஸ், மென்டன், எல்லை தாண்டி இத்தாலியில் சான்ரெமோ — ரயிலில் கடலோரமாக ஏழு நாள். புறப்படுவதற்கு முந்தின வாரம் மனேஜர் என்னைக் கூப்பிட்டார். பகல் ஷிப்டில் ஓர் இடம் காலி. விருப்பமா? லீவு முடிந்து வந்து சொன்னால் போதும்.

நான் சாந்தியிடம் மூச்சு விடவில்லை. பயம். வேறென்ன? தினமும் இரவு ஒரே ஹோலில், ஒரே சோபாவில் இரண்டு பேரும் இருந்தால் என்ன பேசுவது? கடதாசியில் நன்றாக ஓடுகிற கல்யாணத்தை நேரில் நடத்திக் கெடுப்பானேன்? அதனால் இந்த ஏழு நாளையும் ரகசியப் பரீட்சையாக வைத்துக்கொண்டேன். தாக்குப்பிடித்தால் பகல் ஷிப்ட்.

பரீட்சையில் நான் செய்தது ஒன்றுதான் — தூங்கியது. பகலைக் கண்டால் கண்ணை மூடும்படி பழகிய உடம்பு, லீவென்றால் கேட்குமா? ரயிலில் வழி நெடுகக் கடல் தெரிந்ததாம். மென்டனில் வாங்கிய எலுமிச்சை ஐஸ்கிரீம் என் முன்னாலேயே கரைந்து தண்ணீரானது.

அங்கேதான் வெடித்தது.

"இஞ்சேருங்கோ! நித்திரை கொள்ளுற மனுசனைப் பாக்க நான் பிளேன் ஏறி வரவேணுமே? நோர்பரியிலையே பாக்கலாமே!"

"ஏன் கத்துறீர்? சனம் பாக்குது."

"பாக்கட்டும். இஞ்ச ஆருக்குத் தமிழ் விளங்கப்போகுது?"

நியாயமான கேள்வி. நானும் குரலை உயர்த்தினேன். இருபத்திரண்டு வருஷச் சரக்கு — மகளின் பள்ளிக்கூட நாடகத்துக்கு நான் வராதது, என் உடுப்பையெல்லாம் அவள் சொல்லாமல் கொள்ளாமல் தூக்கி எறிந்தது — எல்லாம் கடற்கரைக்கு வந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் உற்சாகமாகவே இருந்தது.

திடீரென்று அவள் குரல் இறங்கியது.

"என்ரை அப்பா செத்ததை நீங்கள் ஃபிரிட்ஜிலை எழுதி ஒட்டினனீங்கள்."

ஓம். ஒட்டினேன். யாழ்ப்பாணத்திலிருந்து போன் வந்தபோது அவள் வேலையில். அவளுடைய போன் லொக்கருக்குள். எனக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. "அப்பா போயிட்டார். வீட்டுக்குப் போன் எடும்" என்று எழுதி, பறக்காமல் இருக்கக் காந்தத்தையும் வைத்துவிட்டுப் போனேன். அன்று பிள்ளைகள் தூங்கிய பிறகு, முழு இரவும் அவள் தனியாக இருந்திருக்கிறாள். ஒன்பது வருஷம். ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்க எந்த நேரத்தில் நான் அகப்பட்டேன்? வெட்கத்தில் எனக்கு அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"பிழை. நான் அண்டைக்கு நிண்டிருக்கவேணும்," என்றேன். பிறகு, பகல் ஷிப்ட் விஷயத்தையும் உளறிவிட்டேன்.

"எப்ப கேட்டவங்கள்?"

"போன கிழமை. சொல்லப் பயமாய் இருந்தது."

துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கடலைப் பார்த்தாள்.

"நான் யோசிக்கவேணும்."

எப்படி இருக்கிறது கதை? பரீட்சை வைக்க வந்தவன் நான்!

மிச்ச மூன்று நாளும் நான் தூங்கவில்லை. எஸ்பிரெஸோவாக உள்ளே ஊற்றினேன். சான்ரெமோவில் அவளோடு சந்தை முழுக்க நடந்தேன், பூ பார்த்தேன், சுருக்குப்பை பார்த்தேன். அவளுடைய இல்லத்தில் இருக்கும் தொண்ணூறு வயது வெள்ளைக்காரர் ஒருவர் தினமும் அவளைக் கல்யாணம் கட்டக் கேட்பாராம். ஐந்து வருஷமாக நடக்கிறதாம். எனக்கு இப்போதுதான் தெரியும்.

திரும்பும் நாள், விமான நிலைய வரிசையில் நிற்கும்போது தீர்ப்பு வந்தது.

"ஓமெண்டு சொல்லுங்கோ. ஒரு மாதம் பாப்பம்."

இன்று பதினோராவது நாள். கிடங்கில் எனக்குப் பகல் வேலை உடனேயே நிரந்தரமாகிவிட்டது. வீட்டில்தான் இன்னும் புரொபேஷன் — எந்த வேலைக்கும் நான் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.