புடவைக் கடையில் என் குரலைக் கண்டுபிடித்த பெண்

இன்று மதியம் பெரம்பலூரில் மனைவிக்குப் புடவை எடுக்கப் போனேன்.

நான் பேசத் தொடங்கியதுமே, புடவைகளை விரித்துக் காட்டிய பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், பேங்க்லேர்ந்து எங்கப்பாவுக்குப் போன் பண்றது நீங்கதானே? ஸ்பீக்கர்ல கேட்டிருக்கேன்."

நான்தான். கல்விக்கடன் பாக்கிக்காக மாதாமாதம் பேசுவேன். கொஞ்சம் மிரட்டலாகவே பேசுவேன்.

"இன்ஜினியரிங் படிச்சது நான்தான் சார். கொஞ்சம் கொஞ்சமா கட்டிடறேன். இனிமே எனக்கே பண்ணுங்க. உங்க போன் வந்தா அப்பா அன்னைக்குச் சாப்பிட மாட்டேங்கிறாரு."

கோபமே இல்லாமல் சொன்னாள்.

அவள் நம்பரைக் குறித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கையில் இருந்த புடவையையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மனைவிக்கு அது பிடிக்கவில்லை. மாற்றி வரச் சொல்கிறாள்.

எனக்குப் பதிலாக யாராவது அந்தக் கடைக்குப் போய்வர முடியுமா?