பெரியவர் வாறார்!

போன கிழமை எங்கள் வாவிக்கரைத் திடலில் நடந்த உதைபந்தாட்ட இறுதிப் போட்டிக்கு என்னைப் பிரதம அதிதியாகக் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிடாமல் இருப்பார்களா? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தோணி வலித்த கையால் இரண்டு அரிசி ஆலை கட்டினவன். வெற்றிக் கிண்ணமே என் உபயம்தான்!

மாலை போட்டு உட்கார வைத்தபின், பக்கத்திலிருந்த பள்ளிக்கூட மாஸ்டர் கேட்டார்: "நீங்க ஒண்டுக்கும் பயந்ததில்லையாமே?"

"ஒண்டுக்குமில்ல" என்றேன்.

பொய். கிழமைதோறும் இந்தப் பத்தியில் என்னைப் படிக்கிற உங்களிடமும் அதே பொய்யைச் சொல்ல மனம் வரவில்லை...

யுத்தத்துக்கு முந்தின காலம். எனக்கு இருபது வயது. வவுணதீவில் வீடு, வாவியில் தோணி ஓட்டிப் பிழைப்பு. என் கூட்டாளி தம்பிராசா அக்கரைப் புளியந்தீவில் ஒரு கந்தோரில் கிளாக்கர். பந்து என்றால் அவனுக்கு உயிர். எங்கள் ஊர் அணிக்கு ஆள் குறைந்த ஒரு நாள், காய்ச்சல் என்று கந்தோருக்குத் துண்டு எழுதி அனுப்பிவிட்டு என் தோணியில் ஏறிவிட்டான்.

"மச்சான், பின்னேரம் பந்து. மறுகா கூடாரத்தில படம். ஆனா எங்கட பெரியவர் கண்ணில பட்டனெண்டா வேலை போச்சுகா!"

பெரியவர் என்று அவன் சொன்னது தலைமைக் கிளாக்கரை. நான் 'ம்' கொட்டினேன். கவனித்துக் கேட்டிருக்க வேண்டும்.

இதே வாவிக்கரைத் திடல். வெறுங்கால் ஆட்டம். ஊருக்கே ஒரு பந்து. தம்பிராசா உதைத்தான் ஓர் உதை — கோலுக்கு மேலால் பறந்து வாவிக்குள் விழுந்தது. உதைத்தவன்தான் எடுக்க வேண்டும்; அது எங்கள் சட்டம். இறங்கினான். இடுப்பளவு தண்ணீர்... பிறகு நெஞ்சளவு. நான் கரையில், தோணிக்குப் பக்கத்தில்.

கண்டல் மரங்களின் பக்கமிருந்து ஒரு மரக்கட்டை மிதந்து வந்தது. காற்றுக்கு எதிராக வந்தது.

எந்தக் கட்டை காற்றுக்கு எதிராக வரும்?

எங்கள் தோணிக்காரர் குடும்பத்தில் ஒரு வழக்கம். தண்ணீரில் கிடக்கும் முதலையைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். சொன்னால், தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று கிட்ட வந்துவிடுமாம். மரியாதையாகப் 'பெரியவர்' என்போம். அப்பா சொல்லித் தந்தது. நாக்கில் ஊறிப் போனது. கத்தினேன்:

"தம்பிராசா! பெரியவர் வாறார்டா!"

அவன் என்ன செய்தான் தெரியுமா? திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் முங்கினான்!

இழுத்துவிட்டதா? இல்லை, கட்டை இன்னும் தள்ளித்தான் நிற்கிறது. ஆனால் வருகிறது... சத்தமில்லாமல் வருகிறது. தம்பிராசாவின் முகம் மூக்குவரை வெளியே வந்தது.

"போயிட்டாரா?" — ரகசியக் குரல்.

"இல்லகா! கிட்ட வந்திட்டார்! கெதியா வா!"

"நான் இஞ்ச இல்லயெண்டு சொல்லு!" — மறுபடியும் முங்கினான்.

அப்போதுதான் உறைத்தது. அவனுடைய பெரியவர் வேறு, என்னுடைய பெரியவர் வேறு!

கட்டையில் இரண்டு கண்கள் தெரிந்தன. இந்த வாவியைக் குறுக்கே நீந்தினவன் நான். ஊரில் கேட்டுப் பாருங்கள். அன்று ஓர் அடி உள்ளே வைத்தேனா? வைக்கவில்லை. கால் இரண்டும் முளை அடித்ததுபோல் நின்றன. வாய் ஒன்றுதான் மிச்சம். அந்த வாயும் அந்தப் பெயரைச் சொல்லப் பயந்தது. சொன்னால் இன்னும் வேகமாக வந்துவிட்டால்? கூட்டாளி தண்ணீருக்குள் மூச்சடக்கிக் கிடக்கிறான். நான் கரையில் நின்று யோசிக்கிறேன். ஆம், யோசித்தேன்!

அவன் தலை மறுபடி தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்.

"முதலை! முதலைடா!"

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கரைக்கு வந்து விழுந்தான். அவன் தலை இருந்த இடத்தில் தண்ணீர் ஒரு சுழி சுழித்து அடங்கியது. பந்து மட்டும் அங்கே தனியாக ஆடிக்கொண்டிருந்தது. எடுக்க ஒருவரும் இறங்கவில்லை. ஆட்டம் அதோடு முடிந்தது.

தம்பிராசா மணலில் புரண்டு சிரித்தான். "அதுதானா? நான் எங்கட பெரியவரெண்டெல்லே பயந்து போனன்!"

படத்துக்குப் போக அதே தண்ணீரைத்தான் கடக்க வேண்டும். தோணியின் அடியில் சல்லுப் புல் உரசினாலும் நான் வலிப்பதை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்த்தேன். அவன் விசிலடித்துக்கொண்டு வந்தான்.

கூடாரத்தில் விளக்கு அணைந்தது. சற்று நேரத்தில் என் கையை ஒரு கை பிடித்தது. தம்பிராசாவின் கை. ஐஸ் மாதிரி... உதறிக்கொண்டிருந்தது.

ரீல் மாற்ற விளக்குப் போட்டார்கள். முன்வரிசைக் கதிரையில் இருந்தவர் திரும்பினார். தலைமைக் கிளாக்கர்!

"என்னகாணும், காய்ச்சலெண்டு துண்டு அனுப்பினீர்?"

தம்பிராசா வாயைத் திறந்தான். பல் கிடுகிடுத்ததே தவிர, பேச்சு வரவில்லை. அவர் எழும்பி வந்து அவன் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

"அட, இப்பிடி நடுங்குது! இந்தக் காய்ச்சலோட ஆரும் படத்துக்கு வருவாங்களா? வீட்ட போய்ப் படுங்காணும். நாளைக்கும் வர வேணாம்."

வேலை தப்பியது. அது காய்ச்சல் இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும். தண்ணீருக்குள் வராத பயம், தரைக்கு வந்தபின் பிடித்திருந்தது.

'ஏன் மச்சான் நீ இறங்கி வரல்ல?' என்று தம்பிராசா சாகும்வரை கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

போட்டிக்கு வருவோம். கிண்ணம் கொடுக்கும் நேரம். ஒலிபெருக்கி அலறியது: "வழி விடுங்க, பெரியவர் வாறார்!"

என்னைத்தான் சொன்னார்கள். நான் முதலில் வாவியைத்தான் பார்த்தேன்.